பழைய காரின் புகைக்குழாய் சிவக்கச் சூடாகிறதா? காரணத்தைத் தேட வேண்டிய இடங்கள்

பழைய பெட்ரோல் கார் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு நிறுத்திப் பானட்டைத் திறக்கும்போது, இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைத் திரட்டிக் குழாய்க்கு அனுப்பும் பாகம்) மங்கிய சிவப்பில் கனன்றுகொண்டிருந்தால், பார்ப்பவருக்கு முதலில் அச்சம்தான் வரும். பகல் வெளிச்சத்தில் அந்தக் கனல் தெரியாது என்பதால், பல வண்டிகளில் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் கண்ணில் படாமலே இருந்துவிடுகிறது. வேறு சிலருக்கு அது வேறு வகையில் தெரியவரும்: காலடித் தரை சுடும், கருகல் வாடை வரும், மேடு ஏறும்போது வண்டி மூச்சுத் திணறும். உடனே சைலன்சரை மாற்று, புகையைச் சுத்தப்படுத்தும் கன்வர்ட்டரை மாற்று என்று ஆலோசனைகள் வந்து குவியும். எய்தவன் இருக்க அம்பை நோவது என்பார்களே, அதுதான் இது. வந்து சேரும் சூட்டைச் சுமந்து வெளியே விடுவதுதான் குழாயின் வேலை. கன்வர்ட்டருக்குள் சூடு பிறந்தாலும், அங்கே எரிவதற்கான பெட்ரோலை இன்ஜின்தான் அனுப்பியிருக்க வேண்டும். எனவே எரிய வேண்டிய இடத்தில், எரிய வேண்டிய நேரத்தில் பெட்ரோல் எரிகிறதா என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் சென்றால், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பெட்ரோல் எரிவதால் கிடைக்கும் ஆற்றலில், தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் நல்ல நிலையில் உள்ள இன்ஜினிலும் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கைக் குளிர்நீர் ரேடியேட்டருக்குக் கொண்டுசெல்கிறது; மீதி புகையோடு வெளியேறுகிறது. ஆகவே புகைக்குழாய் சூடாக இருப்பதே கோளாறு ஆகாது. வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது, அதாவது ஐடிலிங்கில், புகையின் வெப்பம் சில நூறு டிகிரி செல்சியஸில் இருக்கும். முழுப் பாரத்தில் இழுக்கும்போது 800 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. திடப்பொருள்கள் ஏறத்தாழ 525 டிகிரியில் கண்ணுக்குத் தெரியும் சிவப்பில் ஒளிரத் தொடங்குகின்றன என்பதை 1847இல் ஜான் வில்லியம் டிரேப்பர் எடுத்துக்காட்டினார். அந்த அறிவு இங்கே நேரடியாகப் பயன்படுகிறது, ஏனென்றால் இருட்டில் தெரியும் நிறமே ஒரு வெப்பமானி. மங்கிய சிவப்பு என்றால் 600 டிகிரியை ஒட்டி, செந்தூரச் சிவப்பு என்றால் 750 முதல் 800 வரை, செம்மஞ்சள் என்றால் 900 டிகிரிக்கு மேல் என்று கொள்ளலாம். நீண்ட மலைப்பாதையில் பாரத்தோடு ஏறி வந்த உடனே மேனிஃபோல்டு இலேசாகச் சிவந்திருந்தால் அதற்காகப் பதற வேண்டியதில்லை. பாரமே இல்லாமல் ஐடிலிங்கில் நிற்கும்போதோ, சமதளத்தில் நிதானமாக ஓட்டிய பிறகோ சிவந்திருந்தால், அது நிச்சயமாகக் கோளாறுதான்.

சோதனையில் இறங்கும் முன் சில எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுச் செய்யும் எந்தச் சோதனையையும் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், கதவு திறந்திருக்கும் ஷெட்டிலும் கூடாது; புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காய்ந்த புல்லோ சருகோ உள்ள இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், ஏனென்றால் சூடான கன்வர்ட்டர் அவற்றைப் பற்றவைக்கும். அடியில் நுழைய வேண்டுமானால் ஜாக்கியை மட்டும் நம்பாமல், உறுதியான தாங்கிகளை வைத்த பிறகே நுழையுங்கள். எட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். கனல் தணிந்துவிட்டது என்று எண்ணி மேனிஃபோல்டைத் தொட்டுவிடக் கூடாது, சிவப்பு மறைந்த பிறகும் அது பல நிமிடங்களுக்கு 300, 400 டிகிரியில் இருக்கும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

முதலில் கண்டறிய வேண்டியது, சூடு எந்த இடத்தில் உச்சமாக இருக்கிறது என்பதை. மேனிஃபோல்டு சிவந்து, கீழே போகப் போகக் குழாய் தணிந்திருந்தால், எரிதல் சிலிண்டருக்குள்ளேயே தாமதமாக நடக்கிறது, அல்லது சிலிண்டரைத் தாண்டியவுடனே நடக்கிறது. மேனிஃபோல்டு இயல்பாக இருந்து கன்வர்ட்டர் மட்டும் கனன்றால், எரியாத பெட்ரோல் அதுவரை பயணம் செய்து அங்கே எரிகிறது. குழாய் முழுவதும் சூடாகி, இழுவையும் குறைந்திருந்தால், வழியில் எங்கோ அடைப்பு இருக்கக்கூடும். இதைப் பிரித்தறிய அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று போதும். வாங்கும்போது அது எத்தனை டிகிரி வரை அளக்கும் என்று பாருங்கள். மலிவான கருவிகள் பல 400 டிகிரிக்கு மேல் காட்டுவதில்லை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பளபளக்கும் எஃகின்மேல் இந்தக் கருவி உண்மையை விட மிகக் குறைவாகக் காட்டும், துருவேறிய வார்ப்பிரும்பில் நம்பும்படியாகக் காட்டும். எனவே பளபளப்பான குழாயில், சூடு தாங்கும் கறுப்பு மேட் பெயின்ட்டால் சிறு பொட்டு வைத்து, ஒவ்வொரு முறையும் அந்தப் பொட்டின்மேலேயே அளப்பது நல்லது.

மேனிஃபோல்டுதான் சிவக்கிறது என்று உறுதியானால், நான் முதலில் சந்தேகப்படுவது இக்னிஷன் டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை. ஸ்பார்க் பிளக்கில் பொறி விழுந்த கணத்திலேயே பெட்ரோல் முழுவதும் எரிந்துவிடுவதில்லை. தீ சிலிண்டர் முழுவதும் பரவச் சில மில்லிவினாடிகள் ஆகின்றன. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் இன்ஜினில் பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க எடுத்துக்கொள்ளும் நேரமே 10 மில்லிவினாடிதான். ஆகவே பிஸ்டன் மேல்முனையை அடைவதற்கு முன்பே பொறி விழ வேண்டும். சுற்று கூடக் கூட இன்னும் முன்னதாக விழ வேண்டும். பொறி தாமதமானால், பிஸ்டன் பாதி தூரம் இறங்கிய பிறகும் தீ எரிந்துகொண்டிருக்கும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய ஆற்றல், தள்ள நேரமில்லாமல் வெப்பமாகவே தங்கி, புகை வால்வு திறந்ததும் நேராக மேனிஃபோல்டில் பாய்ந்துவிடும். அதனால்தான் தாமதமான டைமிங்கில் இழுவை குறைவதும், மேனிஃபோல்டு சிவப்பதும், ரேடியேட்டர் நீரின் சூடு ஏறுவதும் ஒன்றாகவே வருகின்றன. பிற்காலத்துக் கார்களில், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கன்வர்ட்டரை விரைவாகச் சூடேற்ற, கணினி வேண்டுமென்றே பொறியைச் சிறிது நேரம் தாமதப்படுத்துகிறது. அங்கே அரை நிமிடத்துக்குத் திட்டமிட்டுச் செய்வதை, கோளாறான பழைய வண்டி நாள் முழுவதும் செய்துகொண்டிருக்கிறது.

ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியில், பொறியின் இந்த முன்னகர்வு மூன்று அடுக்குகளாக அமைகிறது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்கும்போது நாம் வைப்பது அடிப்படை டைமிங். சுற்று கூடும்போது விரியும் எடைக்கட்டைகளும் சுருள்வில்களும் சேர்ப்பது இரண்டாவது. கலவை உள்ளே போகும் வழியான இன்டேக்கின் வெற்றிட (வேக்கம்) இழுப்பைக் கொண்டு, பாரம் குறைவான ஓட்டத்தில் டயஃப்ரம் என்ற சவ்வு சேர்ப்பது மூன்றாவது. மூன்றில் எது தவறினாலும் பொறி தாமதமாகும். பலர் டைமிங் லைட்டைப் பிடித்து ஐடிலிங்கில் அடிப்படை அளவை மட்டும் சரிபார்த்துவிட்டு, டைமிங் சரி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கும் ஒருமுறை இதே பிழை நேர்ந்தது. கார்புரேட்டர் வைத்த என் வண்டியில், ஐடிலிங்கில் குறி கச்சிதமாகப் பொருந்தியிருந்தும், அரை மணி ஓட்டத்துக்குப் பிறகு மேனிஃபோல்டு இருட்டில் சிவந்து நின்றது. ஆக்சிலரேட்டரை மெல்ல உயர்த்தியபடி கிராங்க் புல்லியின் குறியைப் பார்த்தபோது, எடைக்கட்டைகளால் நகர வேண்டிய அளவுக்குக் குறி நகர்ந்தது. ஆனால் டயஃப்ரத்துக்கு வெற்றிடத்தைக் கொண்டுவரும் வேக்கம் குழாயைக் கழற்றினாலும் மாட்டினாலும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. கழற்றிய குழாயை விரல்களுக்கிடையில் வளைத்துப் பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டரில் செருகும் முனையிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, அடிப்பக்கத்தில், வளைத்தால் மட்டும் வாய் திறக்கும் ஒரு வெடிப்பு இருந்தது. மேலிருந்து பார்த்தால் புதுக்குழாய் போலவே இருந்தது அது. குழாயை மாற்றிய அன்று மாலை, அதே தூரம் ஓட்டிவிட்டுப் பானட்டைத் திறந்தபோது சிவப்பு இல்லை.

ஆகவே வேக்கம் டயஃப்ரத்தைத் தனியாகச் சோதியுங்கள். இன்ஜினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, கையால் இயக்கும் சிறு வேக்கம் பம்பை அந்தக் குழாயில் பொருத்தி இழுத்தால் உள்ளிருக்கும் தட்டு நகர வேண்டும், நகர்ந்த இடத்திலேயே நிற்கவும் வேண்டும். மெல்லத் திரும்பிவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. எடைக்கட்டைகளைச் சோதிக்க, மூடிக்குள் சுழலும் ரோட்டரை அது சுற்றும் திசையில் கையால் சற்றே திருப்பிவிட்டு விடுங்கள். வில்லின் இழுப்பில் அது தானாகத் திரும்ப வேண்டும். திருப்பவே முடியாமல் இறுகியிருந்தால், பழைய கிரீஸ் காய்ந்து எடைக்கட்டைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மின்சுற்றைத் திறந்து மூடும் பாயின்ட் வைத்த வண்டியில், தேய்மானத்தால் பாயின்ட் இடைவெளி குறையும்போது டைமிங்கும் சேர்ந்து தாமதமாகும். எனவே இடைவெளியைச் சரிசெய்த பிறகே டைமிங்கை வைக்க வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும் மேனிஃபோல்டு சிவக்கிறது என்றால், டைமிங் செயின் அல்லது பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டிவரும்.

டைமிங்குக்கு அடுத்தபடியாகக் கலவை. 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. காற்று சற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தால், தீ மெதுவாகப் பரவுகிறது, மெதுவாகப் பரவும் தீ தாமதமாக முடிகிறது. எனவே, பொறி நேரத்துக்கு விழுந்தாலும், பொறி தாமதமானதைப் போன்ற விளைவே ஏற்படுகிறது. கார்புரேட்டர் வண்டியில் இன்டேக் கேஸ்கெட் வழியாகக் காற்று கசிவது, ஜெட்டில் அழுக்கு அடைப்பது, கார்புரேட்டரின் மிதவை அறையில் பெட்ரோல் மட்டம் குறைவது, பெட்ரோல் பம்ப் தளர்வது ஆகியவை வழக்கமான காரணங்கள். கழற்றிய ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் முனை வெளிறி வெள்ளையாக இருந்தால் இந்தத் திசையில் தேடலாம். காற்றுக் கசிவைப் பிடிக்க, ஓடும் இன்ஜினின் மூட்டுகளில் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி, சுற்று மாறுகிறதா என்று பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. மேனிஃபோல்டு சிவக்கும் வண்டியில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். பழைய இன்ஜின்கள் பலவற்றில் இன்டேக்கும் புகை மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. பீய்ச்சும் திரவம் நேராகக் கனலின்மேல் விழுந்து தீப்பற்றும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில், மெல்லிய நீர்த்தூவலை இன்டேக் மூட்டுகளில் மட்டும் அடித்துப் பாருங்கள். எந்த இடத்தில் நீர் பட்டதும் தடுமாறிய ஐடிலிங் ஒரு கணம் சீராகிறதோ, அங்கேதான் கசிவு.

புகை வால்வு முழுதாக மூடாமல் போனாலும், எரியும் வாயு அந்த இடுக்கு வழியாக நேரே மேனிஃபோல்டில் சீறும். வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பட்டின் இடைவெளி தேவைக்கு மேல் இறுகிய வண்டிகளில் இது நடக்கிறது. இறுகிய டேப்பட் சத்தம் போடாது என்பதால் பலர் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வது வருத்தத்துக்குரியது. சத்தம் போடும் டேப்பட்டை விட ஆபத்தானது அது. ஃபீலர் கேஜால் இடைவெளியை அளந்துவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷனையும் (அமுக்க அழுத்தத்தையும்) அளந்துவிட்டால் இதற்கு விடை தெரிந்துவிடும்.

இனிக் கன்வர்ட்டர் உள்ள வண்டிகள். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து பரவலான இந்தப் பாகத்தின் உள்ளே, நுண்ணிய துளைகள் நிறைந்த தேனடை போன்ற பீங்கான் கட்டி இருக்கிறது. அதன் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கின்றன. புகையில் எஞ்சியிருக்கும் சிறிதளவு எரிபொருளையும் கார்பன் மோனாக்சைடையும் அந்தப் பூச்சு எரித்து முடிக்கிறது. அது வேலை செய்யத் தொடங்க 250 முதல் 300 டிகிரி தேவை. வழக்கமாக 400 முதல் 800 டிகிரிக்குள் இயங்கும். எஞ்சியது சிறிதளவு என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. ஒரு சிலிண்டரில் பொறியே விழவில்லை என்று வைத்துக்கொள்வோம். பட்டறையில் மிஸ்ஸிங் என்று சொல்வது இதைத்தான். அந்தச் சிலிண்டருக்கு வந்த பெட்ரோலும் காற்றும் எரியாமல் அப்படியே கன்வர்ட்டருக்குப் போய்ச் சேர்கின்றன. பெட்ரோல், காற்று, சூடான வினையூக்கி மூன்றும் ஓரிடத்தில் கூடிய பிறகு, சிலிண்டருக்குள் எரிந்திருக்க வேண்டியதெல்லாம் அங்கே எரியும். 1000 டிகிரியை ஒட்டி நீண்ட நேரம் இருந்தாலே பூச்சு தன் திறனை இழக்கத் தொடங்கும். 1400 டிகிரியை நெருங்கினால் பீங்கானே உருகிவிடும். உருகிய கன்வர்ட்டரை ஒருமுறை கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஓரங்களில் தேனடைத் துளைகள் ஒழுங்காக இருந்தன; நடுவில் உள்ளங்கை அளவுக்கு மெழுகு வழிந்து உறைந்தது போல எல்லாம் ஒன்றாகி, ஒளி சிறிதும் ஊடுருவவில்லை.

மிஸ்ஸிங் அடிக்கும் சிலிண்டரை அடையாளம் காண எளிய வழி உண்டு. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்துக்குள், மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் வெப்பத்தை அளந்து எழுதுங்கள். மற்றவை 150 டிகிரியைத் தாண்டும்போது ஒன்று மட்டும் 60, 70 டிகிரியில் தயங்கினால், அந்தச் சிலிண்டர் எரியவில்லை. பிறகு பிளக், வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஓடும்போதே பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறையைக் கன்வர்ட்டர் உள்ள வண்டியில் தவிர்க்க வேண்டும். பிடுங்கிய ஒவ்வொரு நொடியும் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குப் போகிறது, கையில் மின்னதிர்ச்சியும் தாக்கும். எச்சரிக்கை விளக்கு உள்ள வண்டியில் இன்ஜின் விளக்கு தொடர்ந்து எரியாமல் மின்னி மின்னி அணைந்தால், கன்வர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் நடக்கிறது என்று பொருள். அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

எல்லாச் சிலிண்டரும் எரிந்து, பெட்ரோல் மட்டும் மிகுதியாக வந்தாலும் கன்வர்ட்டர் சூடாகும். திறக்காத சோக், பொங்கி வழியும் மிதவை அறை, இன்ஜின் எப்போதும் குளிர்ந்திருப்பதாகவே சொல்லும் வெப்ப சென்சார் ஆகியவை இதைச் செய்யும். கறுப்புப் புகையும், கரி படிந்த பிளக்கும், குறைந்த மைலேஜும் இதற்கு அடையாளங்கள். புகையில் மீந்த ஆக்சிஜனை அளந்து கணினிக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் இதில் ஒரு நுட்பம் உண்டு. சென்சாருக்கு முன்னால் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிந்தால், வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சாரை ஏமாற்றும். காற்று மிகுதி என்று நினைத்துக் கணினி பெட்ரோலைக் கூட்டும். கசிவு குழாயில், கூடுவது பெட்ரோல், கனல்வது கன்வர்ட்டர் என்று மூன்றும் மூன்று இடத்தில் இருப்பதால், இதைப் பிடிக்கப் பொறுமை வேண்டும். 1970களிலும் 80களிலும் வந்த சில கார்களில், புகை வால்வின் அருகே காற்றைச் செலுத்தும் பம்ப் ஒன்றும் இருக்கிறது. அதன் வால்வு ஒரே நிலையில் சிக்கிக்கொண்டால், எரியாத பெட்ரோலோடு காற்று இடைவிடாமல் கலந்து மேனிஃபோல்டிலேயே எரிதல் நடக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் குழாயில் வெடிச்சத்தம் கேட்பது இதன் குறிப்பு.

கன்வர்ட்டர் உருகிய பிறகு, அல்லது சைலன்சரின் உள்தகடு பெயர்ந்து விழுந்த பிறகு, புகை வெளியேற வழியின்றித் தேங்கும். இரட்டைச் சுவர்க் குழாயில் உட்சுவர் மட்டும் உள்ளே அமிழ்ந்து வழியை அடைப்பதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் குழாய் பழுதின்றித் தோன்றும். சோதிக்க, இன்டேக்கில் வேக்கம் மானியைப் பொருத்துங்கள். நல்ல இன்ஜின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும். சுற்றை 2500இல் நிறுத்திப் பிடியுங்கள். முள் நிலையாக இருக்க வேண்டும். பிடித்திருக்கும்போதே அது மெல்ல மெல்லக் கீழிறங்கினால் அடைப்பு இருக்கிறது. ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிய துளையில் அழுத்தமானியைப் பொருத்த முடிந்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். 2500 சுற்றில் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் குழாயில் தடை உள்ளது. குளிர்ந்த கன்வர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்பதும் தேனடை உடைந்ததைச் சொல்லும்.

தரை மட்டும் சுட்டு, குழாயின் வெப்பம் எல்லா இடத்திலும் இயல்பாக இருந்தால், வெப்பத் தடுப்புத் தகடு துருப்பிடித்து விழுந்திருக்கும். அதை மாட்டினால் போதும்.

அடைபட்ட கன்வர்ட்டரை மாற்றத்தான் வேண்டும் என்றாலும், அதை உருக்கிய காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால், அதுவும் அதே வழியில் உருகும். எனவே பழுது நீக்கிய பிறகு, முன்பு அளந்த அதே புள்ளிகளில், அதே தூரம் ஓட்டி வந்து மீண்டும் அளந்து, பழைய எண்களின் அருகிலேயே எழுதுங்கள். மேனிஃபோல்டின் கிளைகள் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்திருக்க வேண்டும். இருட்டில் ஐடிலிங்கில் சிவப்பு தெரியக் கூடாது. புதிய கன்வர்ட்டரை மாட்டி இன்ஜின் முழுதாகச் சூடேறிய பிறகு, அதன் வெளிவாய் உள்வாயை விடச் சில பத்து டிகிரி மட்டும் கூடுதலாகக் காட்டினால் அது தன் வேலையைச் செய்கிறது. 100 டிகிரிக்கும் மேல் கூடுதலாகக் காட்டினால், பெட்ரோல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு, பிளக்குகளிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.